முத்தாயி இழுத்தாளா, பவளாயி தள்ளினாளா

தலகாணியை நேரா வை. காலைத் தூக்கி என் மேல போடாதே. கதைன்னு கேட்டா கதை மட்டும்தான் சொல்லுவேன். நடுவுல தண்ணி வேணும், கொசு கடிக்குதுன்னு எழுந்தே, அத்தை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன், அப்புறம் யாரும் என்னைத் திருப்ப முடியாது. "ம்" கொட்டிட்டே கேக்கணும். எங்க, ஒரு தடவை கொட்டு பாப்போம். ஆங், அப்படி.

ஒரு ஊர்ல ஒரு மலை. மலைக்கு அடியில ஒரு ஸ்டேஷன், மூங்கிலடின்னு பேரு. அந்த ஸ்டேஷன்ல ரெண்டு கரி இஞ்சின் இருந்துச்சு. ஒரே பட்டறையில ஒரே அச்சுல வார்த்த ரெட்டைப் பொண்ணுங்க. அதே புகைபோக்கி, அதே சக்கரம், அதே கறுப்பு. பெத்த தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது. ஆனா ஒருத்தி பேரு முத்தாயி, ஒருத்தி பேரு பவளாயி. முத்தாயி அக்கா, பவளாயி தங்கச்சி. எப்படி அக்கா தங்கச்சி ஆனாங்கன்னு கேளேன். வண்டியில ஏத்திக் கொண்டாந்தப்போ எவளை முதல்ல இறக்கினாங்களோ அவ அக்கா. மத்தவ தங்கச்சி. அவ்வளவுதான் விஷயம். அதுக்குள்ள அக்காக்காரிக்குப் பெரிய இது வந்துடுச்சு.

ம்?

ரயில் மலையேறணும்னா ஒரு இஞ்சின் பத்தாது. முன்னால ஒருத்தி இழுக்கணும், பின்னால ஒருத்தி தள்ளணும். அக்காங்கறதால முத்தாயி முன்னாடி, தங்கச்சிங்கறதால பவளாயி பின்னாடி. கிளம்பறதுக்கு முன்னாடி முத்தாயி நீளமா ஒரு விசில் அடிப்பா, "கூ…"ன்னு. வரியான்னு அர்த்தம். பின்னாலேருந்து பவளாயி "கூ கூ"ன்னு ரெண்டு சின்ன விசில் குடுப்பா. வரேன்னு அர்த்தம். அதைக் கேட்டப்புறம்தான் கார்டு பச்சைக் கொடி காட்டுவாரு. அதுக்கு அப்புறம்தான் குப்… குப்… குப் குப் குப் குப்.

அப்புறம் இன்னொரு வழக்கம் இருந்துச்சு. மலையேறுற வண்டிக்குத் தினம் காலையில பூசை. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், மொத்தையா ஒரு சாமந்தி மாலை. எல்லாம் யாருக்கு? முன்னாடி நிக்கிறவளுக்கு. பூசை போடுறவர் கையில தட்டை வெச்சுக்கிட்டு வண்டி நீளத்துக்கும் பின்னால நடந்து வருவாரா? வெயில்ல? அவருக்கு முட்டி வலி. அதனால மாலை முத்தாயிக்கு, கும்பிடு முத்தாயிக்கு, போட்டோ எடுத்தா அதுவும் முத்தாயிக்கு.

பவளாயிக்கு என்ன கிடைக்கும்னா, கடைசிப் பெட்டியோட முதுகு. அவ மூஞ்சிக்கு நேரா அதுதான். பாதி பெயிண்டு உதிர்ந்த பலகை. வழியில அருவி இருக்கு, ஏலக்காத் தோட்டம் இருக்கு, மேகம் வந்து தண்டவாளத்துல உக்காரும்னு ஜனங்க பேசிக்குவாங்க. இவ ஒண்ணையும் பார்த்ததில்ல. பெட்டி ஜன்னல்லேருந்து வாழைப்பழத்தோல் வந்து சொத்துனு இவ நெத்தியில விழும். ஜன்னல்ல தலையை நீட்டி உன்னை மாதிரி வாலுங்க நாக்கைத் துருத்தும். மலை மேல போய்ச் சேர்ந்ததும் ஜனங்க இறங்கி முன்னாடி ஓடிப்போய், "என்ன சக்தி பாருங்க, ஒத்தை ஆளா இழுத்துட்டு வந்திருக்கா"ன்னு முத்தாயியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கும்.

பவளாயிக்கு வயிறு எரியும். ஆமா, இஞ்சினுக்கு வயிறு எப்பவும் எரியத்தான் செய்யும், இது வேற எரிச்சல். சாயங்காலம் ஷெட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சிடுவா. நான் தள்ளலேன்னா நீ ஒரு மொழம் நகர மாட்டே, மாலையைப் போட்டுக்கிட்டு மினுக்கிக்கிட்டுப் போறதுதானே உன் வேலைன்னு. அதுக்கு முத்தாயி, நான் மூச்சு முட்ட இழுக்கிறேன், நீ பாட்டுக்குப் பின்னால சாஞ்சுக்கிட்டு சவாரி வரேம்பா. புஸ்ஸுன்னு இவ ஆவி விடுவா. புஸ்ஸுன்னு அவ ஆவி விடுவா. ஒருத்தி செய்யறதை இன்னொருத்தி கண்ணால பார்த்ததே கிடையாது பாரு, நடுவுல அத்தனை பெட்டி. அப்போ ரெண்டு பேருமே சத்தியமா நம்பினாங்க, மலையே தன் தோள்லதான் ஏறுதுன்னு.

என்ன, இஞ்சின் பேசுமாவா? பேசும். அந்தக் காலத்துல இஞ்சின் பேசினா எல்லாருக்கும் காதுல விழும். கேட்டு நடக்கிறதுக்குத்தான் ஆள் கிடையாது. குறுக்க பேசாதே.

அப்போ ஒரு நாள் பெரிய ஆபீஸ்லேருந்து ஒரு சூப்பிரண்டு வந்தாரு. நாகநாதன்னு பேரு. அவரோட கூடவே ரெண்டு பேரு. அவர் என்ன சொன்னாலும் ஒருத்தர் "ஆமா சார்"ம்பாரு, இன்னொருத்தர் "அதானே சார்"ம்பாரு. அவங்க நிஜப் பேரு எனக்குத் தெரியாது, அவங்களுக்கே மறந்து போயிருக்கும். நாம ஆமாசார், அதானேசார்னே வெச்சுக்குவோம்.

சூப்பிரண்டு மேலேயும் கீழேயும் பார்த்தாரு. ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு இஞ்சின், ரெண்டுக்கும் எதுக்குக் கரி, எதுக்குத் தண்ணின்னாரு. ஆமா சார். ஒருத்தியை வெச்சுக்கிட்டு ஒருத்தியை உடைச்சு இரும்பாப் போட்டுடலாம்னாரு. அதானே சார். எவளை வெச்சுக்கறதுன்னு நியாயமா மூணு பரீட்சை வெச்சு முடிவு பண்ணுவோம்னாரு. பவளாயிக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நம்மளையும் ஒருத்தர் பார்க்கப் போறாரேன்னு. பாவம்.

ம் கொட்டு. தூங்கிட்டியோன்னு பார்த்தேன்.

முதல் பரீட்சை விசில் பரீட்சை. யாரு கம்பீரமா ஊதறான்னு பார்க்கணுமாம். முத்தாயி ஊதினா, "கூ…"ன்னு, மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு. பலே பலேன்னாங்க. பவளாயியை ஊதச் சொன்னாங்க. அவ நின்னா. இன்னும் நின்னா. அவ பிறந்ததுலேருந்து பதில்தானே குடுத்திருக்கா, தானா ஆரம்பிச்சதே இல்லையே. யாராவது கூப்பிட்டாத்தானே வரேன்னு சொல்ல முடியும்? கூப்பிடட்டும்னு காத்துக்கிட்டிருந்தா. ஊமை போலிருக்குன்னாரு சூப்பிரண்டு. சரி, இன்னொரு தடவை ஊதுன்னு முத்தாயியைக் கேட்டாங்க. அவ "கூ…"ன்னா. உடனே பவளாயி "கூ கூ"ன்னா. பார்த்தீங்களா, சொந்தச் சரக்கு ஒண்ணும் இல்ல, அக்காவைக் காப்பியடிக்கிறான்னு முடிவு பண்ணிட்டாங்க.

ரெண்டாவது பரீட்சை, வண்டியை ஒத்தையா இழுக்கணும். எங்கே இழுக்கணும்? மலையிலதானே ஏத்தணும்? ஆனா மலைக்குப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடியாது. அன்னிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல வடை பாயசம். அதனால பிளாட்பாரத்துலேயே, சமதரையில, அந்த முனையிலேருந்து இந்த முனை வரைக்கும் இழுன்னாங்க. முத்தாயி கடக் கடக்குன்னு இழுத்துட்டுப் போனா. பவளாயியும் இழுப்பாளேன்னு அவளோட டிரைவர் ஆரோக்கியம் கேட்டாரு. பின்னால தள்ளுறவளை முன்னால கொண்டாந்து நிறுத்துறது முறையில்லன்னு சொல்லிட்டாங்க. ஆமா சார்.

மூணாவது பரீட்சை ஒரு கேள்வி. சூப்பிரண்டு முத்தாயிகிட்ட போய் நின்னு, மலையேறும்போது உன் தங்கச்சி என்ன செய்யறான்னு கேட்டாரு. முத்தாயி கழுத்துல மாலை. சுத்தி ஜனம். அவளுக்கு அந்த நேரத்துல நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருக்கும் பாரு. எதுக்குக் கேக்கறாங்கன்னுகூட யோசிக்கல.

"நான் இழுக்கிறேன், அவ கூட வர்றா"ன்னு சொல்லிட்டா.

பின்னாலேருந்து பவளாயிக்கு அது கேட்டுச்சு. தினம் ஷெட்டுல கேக்கிற பேச்சுதான். ஆனா நாலு பேர் முன்னாடி கேக்கிறது வேற. பவளாயிகிட்ட யாரும் எதுவும் கேக்கல. பாயசம் ஆறிடும்ல.

சாப்பிட்டு முடிச்சு ஏப்பம் விட்டு, அறைக்குள்ளேயே முடிவை எழுதிட்டாங்க. மறுநாள் காலையில ஒரு பியூன் ஷெட்டுக்கு வந்து பவளாயி வயித்துல சாக்பீசால பெரிய பெருக்கல் குறி போட்டுட்டுப் போனான். சம்மட்டி ஆளுங்க மத்தியானம் வருவாங்கன்னும் சொன்னான். அப்போ முத்தாயி வெளியில பிளாட்பாரத்துல பூசைக்கு நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பின்னால யாரு இருக்கா யாரு இல்லைன்னு அவளால எப்பப் பார்க்க முடிஞ்சுது, இப்பப் பார்க்க?

பவளாயி அழுதா. பெரிசா இல்ல, வால்வு ஓரமா சொட்டு சொட்டுனு. ஆரோக்கியம் அவ படியில உக்காந்து பீடியைப் பத்த வைக்கிறதும் அணைக்கிறதுமா இருந்தாரு. அடுப்பை அணைச்சிடச் சொல்லி உத்தரவு. அவருக்கு மனசு வரல, தணலை மட்டும் சாம்பல் போட்டு மூடி வெச்சிருந்தாரு.

அந்த வண்டியில அன்னிக்குச் சரியான கூட்டம். சந்தைக்கூடை, கைக்குழந்தை, கல்யாண கோஷ்டின்னு பெட்டி பிதுங்குது. சூப்பிரண்டும் மத்த ரெண்டு பேரும் தங்களோட சிக்கனத்தைக் கண்ணால பார்க்கணும்னு முதல் பெட்டியில ஏறி உக்காந்துட்டாங்க. முத்தாயி வழக்கம் போல "கூ…"ன்னா. வரியா?

பவளாயி என்ன செஞ்சா தெரியுமா? ஷெட்டுல நின்ன இடத்துலேயே "கூ கூ"ன்னுட்டா.

வேணும்னு செய்யல. அக்கா கூப்பிட்டா, வாயில வந்துடுச்சு. கூப்பிட்டா "என்ன"ங்கறோமே, யோசிச்சிட்டா சொல்றோம்? ஆனா அது காதுல விழுந்ததும் கார்டு, கை பழக்கத்துல, பச்சைக் கொடியைக் காட்டிட்டாரு. முத்தாயி, தங்கச்சி பின்னால இருக்கான்னு நம்பிக் கிளம்பிட்டா. குப்… குப்… குப் குப் குப்.

பவளாயிக்கு அப்புறம்தான் உறைச்சுது. ஐயோ, நான் வரேன்னு சொல்லிட்டேனே, வரலையேன்னு.

சமதரை வரைக்கும் ஜோராப் போச்சு. மலை ஆரம்பிச்சுது. குப் குப் குப். முதல் வளைவு. குப்… குப்… ரெண்டாவது வளைவு. குப்…… குப்…… முத்தாயி மனசுக்குள்ள திட்டினா, இந்தச் சோம்பேறி இன்னிக்குச் சுத்தமாத் தள்ளலை, சாயங்காலம் வெச்சுக்கிறேன்னு. மூணாவது வளைவுல சக்கரம் கிர்ர்ர்ருன்னு நின்ன இடத்துலேயே சுத்துச்சு. வண்டி நின்னுச்சு. நின்னதோட விட்டுதா? கிறீச்சுன்னு ஒரு சத்தம். பின்னால நழுவ ஆரம்பிச்சுது.

கீழே பள்ளம். கடைசிப் பெட்டியில அந்த நாக்கைத் துருத்துற வாலுங்க. கார்டு பிரேக்கைப் பிடிச்சுத் திருகுறாரு, ஆம்பளைங்க குதிச்சு இறங்கி சக்கரத்துக்கு அடியில கல்லைக் கொண்டாந்து போடுறாங்க. வண்டி ஒரு இழுப்பு இழுத்து நின்னுச்சு. கல்லு நொறுநொறுன்னு நொறுங்குது. எவ்வளவு நேரம் தாங்குமோ சாமிக்குத்தான் தெரியும். முத்தாயி விசில் அடிச்சா, வரியான்னு. சத்தம் நடுங்குது.

பயப்படாதே. போர்வையை இழுத்துக்கோ.

ஷெட்டுல பவளாயிக்கு அது கேட்டுச்சு. இந்தத் தடவை பதில் விசில் குடுக்கலை. ஆரோக்கியத்தைப் பார்த்து, "கரி போடு, நான் வரேன்னு சொல்லிட்டேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. மனுஷன் பீடியைத் தூக்கி எறிஞ்சிட்டு சாம்பலைக் கிளறி கரியை வாரி வாரிக் கொட்டினாரு. சம்மட்டி ஆளுங்க அப்பத்தான் வந்தாங்க, இதை உடைக்கணுமேன்னு குறுக்க நின்னாங்க. உடைக்கிறதைத் திரும்பி வந்து உடைங்க, இப்ப ரெண்டு பேரு மேல ஏறி கரி அள்ளுங்கன்னு ஆரோக்கியம் ஒரு அதட்டல் போட்டாரு. அவங்களும் மறுபேச்சு பேசாம ஏறி அள்ளினாங்க.

அப்புறம் என்ன, குப்குப்குப்குப்குப். முன்னால பெட்டி இல்லாம பவளாயி மலையேறுறது அதான் முதல் தடவை. அருவி வந்துச்சு, ஏலக்காத் தோட்டம் வந்துச்சு, மேகம் நிஜமாவே வந்து தண்டவாளத்துல உக்காந்திருந்துச்சு. எதையும் அவ பார்க்கல. அவ தேடினது ஒண்ணே ஒண்ணு. மூணாவது வளைவு திரும்பினதும் தெரிஞ்சுது, பாதி பெயிண்டு உதிர்ந்த அந்தப் பெட்டியோட முதுகு. அதைப் பார்த்து அவளுக்கு வந்த நிம்மதி இருக்கே, என்னத்தைச் சொல்ல.

மெல்லப் போய் டொக்குன்னு தொட்டா. அப்புறம் "கூ கூ"ன்னா.

முன்னாலேருந்து முத்தாயி ஒரு இழுப்பு. பின்னாலேருந்து இவ ஒரு தள்ளு. குப்… குப்… குப் குப் குப் குப். வண்டி மலை மேல ஏறிப் போய் நின்னுடுச்சு. ஜனங்க இறங்கி, இருந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாங்க.

கதை முடிஞ்சுதுன்னு நினைச்சியா? சூப்பிரண்டு இருக்காரே.

அவர் இறங்கி வந்து இடுப்புல கையை வெச்சாரு. இப்பத்தான் எனக்கு எல்லாம் புரியுதுன்னாரு. முன்னால நிக்கிறவ தண்டம், பின்னால வந்தவதான் அத்தனையும் செய்யறா, ஆகையால அந்த முத்தாயியை உடைச்சிடலாம்னாரு. ஆமா சார். அதானே சார். கையோட அந்த மலை ஸ்டேஷன் பியூனைக் கூப்பிட்டு முத்தாயி கழுத்து மாலையைக் கழட்டச் சொல்லிட்டாரு. மாலையை வாங்கிக்கிட்டு வண்டி நீளத்துக்கும் நடந்து பவளாயிகிட்டயே வந்துட்டாரு. பூசை போடுறவர் என்னிக்கும் நடக்காத தூரம்.

"உண்மையைச் சொல்லு, நீதானே வண்டியை ஏத்தினே?"ன்னு கேட்டாரு.

இதைத்தான் அவ ஆயுசு முழுக்கக் கேக்கணும்னு இருந்தா. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, வந்து கேக்கமாட்டாங்களான்னு. கேட்டாச்சு. மாலை மூக்குக்கு நேரா இருக்கு, சாமந்தி வாசனை வருது. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அவ கழுத்துல. சாக்பீசு குறி அக்கா வயித்துல. அவளுக்கு ஆசை இல்லாம இல்ல. நிறைய இருந்துச்சு. அதை முழுங்கறது கரியை முழுங்கற மாதிரியா?

"நான் ஒண்ணும் செய்யலீங்க. அக்கா இழுத்தா. நான் பின்னால சாஞ்சுக்கிட்டு வந்தேன்."

முன்னாலேருந்து முத்தாயி கத்தினா. பவளாயி வயித்துல குறி போட்டிருக்குன்னு அப்பத்தான் யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. பொய்யி, நான் இழுக்கவே இல்ல, நின்ன இடத்துல சக்கரம்தான் சுத்துச்சு, அவ வந்துதான் ஏத்தினான்னா. இல்ல அவதான்னு இவ. இல்ல இவதான்னு அவ. தினம் போடுற சண்டைதான், தலைகீழாப் போட்டாங்க.

சூப்பிரண்டு குழம்பிட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் செய்யலன்னா வண்டி எப்படி ஏறுச்சு? அவருக்கு உடனே ஒரு பதில் வேணும், இல்லேன்னா கௌரவம் என்ன ஆகறது? அப்போ ஆமாசார் மெல்ல வாயைத் திறந்தாரு. சார், நீங்க உள்ளே தூங்கினப்போ வண்டி நின்னுச்சு. நீங்க முழிச்சு ஜன்னல்ல தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்தீங்க, ஏறிடுச்சு. அதானே சார்னாரு மத்தவரு.

சூப்பிரண்டு யோசிச்சாரு. ரொம்ப நேரம் யோசிக்கல. எனக்கும் அப்படித்தான் தோணுச்சுன்னாரு. கையில மாலையை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? அவர் கழுத்துலேயே போட்டு, கையைத் தட்டி, போட்டோ எடுத்துட்டாங்க. பெரிய ஆபீசுக்குச் சேதி போச்சு, நம்ம நாகநாதன் பார்த்தா ரயிலு மலையேறுதுன்னு. அங்கேருந்து உத்தரவு வந்துச்சு. இஞ்சினுங்க ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும், ஆனா நாகநாதன் தினமும் அந்த வண்டியில போகணும்னு. பாவம், அவருக்கு வளைவுல திரும்பினா வாந்தி வரும். தினம் போறாரு, தினம் வாந்தி, தினம் ஜன்னல்ல தலையை நீட்டித்தான் ஆகணும். ஆமாசாரும் அதானேசாரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோட பக்கத்துல நிப்பாங்க.

சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சிடும்.

மலை மேல அந்தச் சண்டை போட்ட அன்னிக்குச் சாயங்காலம் ஷெட்டுல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னாங்க. அப்புறம் முத்தாயி கேட்டா, ஏண்டி, இத்தனை வருஷமா நான் ஒண்ணுமே செய்யலைன்னு நிஜமாவே நினைச்சியான்னு. தினமும் நினைச்சேன்னா பவளாயி. நானும்தான்னா முத்தாயி.

"இப்பவும் நினைக்கிறியா?"

பவளாயி பொய் சொல்லல. ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்னு அவளுக்குத் தோணியிருக்கும்.

"இப்பவும் கொஞ்சம் நினைக்கிறேன்க்கா."

முத்தாயிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. புஸ்ஸ்ஸுன்னு சிரிச்சா. இவளும் புஸ்ஸ்ஸுன்னு சிரிச்சா. ஷெட்டு முழுக்க ஒரே ஆவி, ஒருத்தி எங்கே இருக்கா, இன்னொருத்தி எங்கே இருக்கான்னு ஆரோக்கியத்துக்கே தெரியலையாம்.

அவ்வளவுதான். வண்டியும் ஷெட்டுக்கு வந்தாச்சு, கதையும் ஷெட்டுக்கு வந்தாச்சு. கண்ணை மூடு கண்ணு, அத்தைக்கும் தூக்கம் வருது.